ஒரே காலையில் ஒரே பக்கம்

நியூ ஜெர்சி மாநிலத்தின் நடுப்பகுதியில், நியூ பிரன்ஸ்விக் நகரிலிருந்து பிரின்ஸ்டனை நோக்கிச் செல்லும் ரூட் 1 நெடுஞ்சாலையின் ஓரமாக, சவுத் பிரன்ஸ்விக் என்னும் ஊரின் எல்லைக்குள் டௌ ஜோன்ஸ் ஸ்தாபனத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. அவ்வூரிலும், அதை அடுத்த பிளெய்ன்ஸ்பரோவிலும், வடக்கே எடிசனிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கின்றன. அவர்களில் ஒருவனாகிய நான் அநேக வருஷங்களாக அந்தச் சாலையில் போய்வந்துகொண்டிருந்தும், அமெரிக்காவில் தேசீயத் தினசரி என்ற ஒன்று உருவான சரித்திரத்தில் அந்தக் கட்டடங்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு என்பதை வெகுகாலம் அறியாமலே இருந்தேன். வால் ஸ்டிரீட் ஜர்னல் என்றதும் நியூயார்க்கையும் அதன் பங்குச் சந்தையையும் நினைப்பதே நம் வழக்கம். ஆயினும் அந்தப் பத்திரிகையின் கதையைத் தொடக்கத்திலிருந்து பயின்றபோது எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் வேறு: ஒரு தெருவின் பெயரைச் சூட்டிக்கொண்டு பிறந்த அந்தத் தாள் தேசத்தின் தினசரியாக வளர்ந்தது, ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் டல்லஸிலும் சவுத் பிரன்ஸ்விக்கிலும் நடந்த காரியங்களால்தான்.

தேசீயத் தினசரி என்னும் சொல் நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். பிரிட்டன் ஒரு தீவு. லண்டனில் நள்ளிரவில் அச்சான பத்திரிகை ரயிலேறி, விடிவதற்குள் அத்தீவின் பெரும்பகுதியைச் சேர்ந்துவிடும். நம் சென்னையிலும், வெளியூர்களுக்கென்று முன்னதாக அச்சிட்டு ரயிலில் ஏற்றி அனுப்பிய பிரதிக்கு ‘டாக் எடிஷன்’ என்றே பெயர் வழங்கியது; ஓரிரவு ரயில் பிரயாணத்துக்குள் அடங்கும் பூமியில் அது போதுமானதாயிருந்தது. அமெரிக்காவோ ஒரு கண்டம். 1920-களில் நியூயார்க்கில் அச்சிட்ட தாள் ரயிலில் ஸான் பிரான்ஸிஸ்கோவைச் சேர ஏறத்தாழ நான்கு நாள் ஆகும்; நான்கு நாள் பழைய செய்தியைத் தினசரி என்று காசு கொடுத்து வாங்குவோர் யார்? ஆகவே அந்நாட்டில் ஒவ்வொரு நகரமும் தனக்கென்று பத்திரிகை வைத்துக்கொண்டது. நியூவார்க்கில் ஒன்று, டல்லஸில் ஒன்று, ஸான் பிரான்ஸிஸ்கோவில் இரண்டு மூன்று என்று அவை செழித்தனவேயன்றி, தேசம் முழுவதும் ஒரே காலையில் ஒரே பக்கத்தைப் படிப்பது என்பது நெடுங்காலம் நடவாத காரியமாகவே இருந்தது.

இந்தக் கதையின் மூலம் மிக எளியது. சார்லஸ் டௌ, எட்வர்ட் ஜோன்ஸ், சார்லஸ் பெர்க்ஸ்டிரெஸர் என்ற மூன்று இளைஞர்கள், தாங்கள் வேலை பார்த்துவந்த செய்தி ஸ்தாபனம் ஒன்றை விட்டு விலகி, 1882-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், வால் வீதி 15-ஆம் எண்ணுள்ள கட்டடத்தின் நிலவறையில் தங்கள் சொந்தத் தொழிலை ஆரம்பித்தார்கள். மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் தாள்களைச் செருகி, எழுத்தாணியால் அழுத்தி எழுதி, ஒரே சமயத்தில் பல பிரதிகள் உண்டாக்கி, அந்தத் துண்டுத் தாள்களைப் பையன்கள் கையில் கொடுத்து, வங்கிகளுக்கும் தரகர் கடைகளுக்கும் பகல் முழுவதும் ஓடச் செய்வதே அந்தத் தொழில். பனையோலையில் எழுத்தாணி பிடித்த நம் முன்னோருக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றியிராது. அந்தத் துண்டுகளின் சாரத்தைத் திரட்டி, மறு வருஷம் முதல் பிற்பகலில் ஒரு கடிதமாக வெளியிட்டார்கள். அக்கடிதமே வளர்ந்து, 1889-ஆம் வருஷம் ஜூலை மாதம் 8-ஆம் தேதி, நான்கு பக்கமும் இரண்டு சென்ட் விலையும் உள்ள பிற்பகல் பத்திரிகையாக, வால் ஸ்டிரீட் ஜர்னல் என்ற பெயரோடு வெளிவந்தது. பத்திரிகைக்கு மூலதனம் தேடித் தந்தவர்களுள் முக்கியமானவர் பெர்க்ஸ்டிரெஸர். ஆனால் ஸ்தாபனத்தின் பெயரில் அவர் பெயர் இடம்பெறவில்லை. டௌ என்பவரோ 1896-ஆம் வருஷம் மே 26-ஆம் தேதி பன்னிரண்டு தொழில் நிறுவனங்களின் பங்கு விலைகளைச் சேர்த்துச் சராசரி கணக்கிட்டு, இன்றளவும் உலகம் உச்சரிக்கும் ஓர் எண்ணுக்குத் தம் பெயரை விட்டுச் சென்றார். ஜி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் சுதேசமித்திரனைத் தொடங்கியதும் இதே 1882-ஆம் வருஷந்தான். அது வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, 1899-இல் தினசரியாயிற்று. கடல் கடந்த இரு நகரங்களில், ஒன்று வர்த்தகத்துக்கும் மற்றொன்று தேச விடுதலைக்குமாக, ஒரே வருஷத்தில் இரண்டு விதைகள் ஊன்றப்பட்டதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு உண்டாகிறது.

1902-இல் ஸ்தாபனம் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகையாளரான கிளாரன்ஸ் பாரன் வசமாயிற்று. அவ்வருஷம் டிசம்பரிலேயே டௌ காலமானார். பாரன் ஆகிருதியிலும் உழைப்பிலும் பெரியவர். அவர் காலத்தில் பத்திரிகையின் விற்பனை பெருகியது. எனினும் அது அப்பொழுதும் பங்கு வியாபாரிகளுக்காகப் பங்கு வியாபாரிகளைப் பற்றி எழுதப்பட்ட தாளாகவே இருந்தது. 1928-இல் அவர் மறைந்த மறு வருஷம், மேற்குக் கடற்கரையில் ஒரு தனிப் பதிப்புத் தொடங்குவதென்று ஸ்தாபனத்தார் தீர்மானித்தார்கள். 1929-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, திங்கட்கிழமை, ஸான் பிரான்ஸிஸ்கோவில் பசிபிக் கரைப் பதிப்பு பிறந்தது. மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து விழுந்தது.

அதனினும் துர்ப்பாக்கியமான ஜாதகம் ஒரு பத்திரிகைக்கு வாய்த்திருக்க முடியாது. பங்கு வாங்குவோரே இல்லாத தேசத்தில் பங்கு விலைப் பத்திரிகையை யார் வாங்குவார்கள்? 1930-களின் தொடக்கத்தில் ஜர்னலின் விற்பனை 30,000 பிரதிகளுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆயினும் ஸான் பிரான்ஸிஸ்கோப் பதிப்பு மூடப்படவில்லை. பிற்பாடு நிகழ்ந்த அனைத்துக்கும் அந்தப் பிடிவாதமே காரணமாயிற்று. ஏனெனில், அந்தப் பதிப்பில் வேலை செய்ய அனுப்பப்பட்டவர்களுள் இண்டியானா மாநிலத்துச் சிற்றூரில் பிறந்து, கல்லூரிப் படிப்பை அப்பொழுதுதான் முடித்திருந்த, இருபது வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெர்னார்ட் கில்கோர் என்பது அவர் பெயர்.

கில்கோர் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கண்ட உண்மை, நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தால் அவர் கண்ணுக்குப் புலப்பட்டிராது. வால் வீதியில் ஒரு சொல்லுக்கு இருக்கும் அர்த்தம் கலிபோர்னியாவின் பழத்தோட்டக்காரருக்குத் தெரியாது. வங்கி, வட்டி, தங்க நாணய மாற்று என்பவை அவர் வாழ்க்கையை அலைக்கழித்தபோதிலும், அவற்றை விளக்குவதாகச் சொல்லிக்கொண்ட பத்திரிகை அவருக்கு விளங்காத பாஷையில் பேசியது. ஆகவே கில்கோர், ஜார்ஜ் என்ற கற்பனை நண்பனுக்குக் கடிதம் எழுதுவதுபோலப் பொருளாதார விஷயங்களை விளக்கும் கட்டுரைகளை எழுதலானார். வங்கியைப் பற்றி எழுதும்போது வங்கிக்காரருக்காக எழுதாமல், அந்த வங்கியில் பணம் போட்டிருப்பவருக்காக எழுத வேண்டும் என்பது பிற்பாடு அவர் தம் நிருபர்களுக்கு இடைவிடாமல் போதித்த பாடம்.

இங்கே நம் நாட்டு உதாரணம் ஒன்று மனத்தில் எழுகிறது. 1942-ஆம் வருஷம் மதுரையில் தினத்தந்தியைத் தோற்றுவித்த சி. பா. ஆதித்தனாரும், பாரிஸ்டர் படிப்பும் வெளிநாட்டு அனுபவமும் உடையவராயிருந்தபோதிலும், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி செய்தி எழுதப்பட வேண்டும் என்பதைத் தம் தொழிலின் முதல் விதியாகக் கொண்டார். ‘இதழாளர் கையேடு’ என்று நூலொன்று இயற்றித் தம் பத்திரிகையாளரைப் பழக்கினார். வாசகர்களும் நோக்கமும் முற்றிலும் வேறாயினும், கில்கோரும் ஆதித்தனாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே விஷயத்தைக் கண்டுகொண்டவர்கள் என்பது என் துணிபு. ஒரு பத்திரிகை எவ்வளவு தூரம் பரவும் என்பதை அச்சு யந்திரம் நிர்ணயிக்கும் முன்பே பாஷை நிர்ணயித்துவிடுகிறது. தமிழ் உரைநடையை எளிமையாக்கியதில் பண்டிதர்களுக்கு இருக்கும் பங்கை விடத் தினசரிகளின் செய்தி மேஜைக்கு இருக்கும் பங்கு பெரிது. அதை நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

1941-ஆம் வருஷத் தொடக்கத்தில் கில்கோர், 32 வயதில், நிர்வாக ஆசிரியர் ஆனார். அப்பொழுது பத்திரிகையின் விற்பனை சுமார் 33,000. அவ்வருஷம் டிசம்பர் 7-ஆம் தேதி பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. மறுநாட்காலையில் மற்றப் பத்திரிகைகளெல்லாம் குண்டுவீச்சின் விவரங்களைப் பெரிய எழுத்தில் வெளியிட்டுக்கொண்டிருக்க, ஜர்னலோ, இந்த யுத்தம் ஆலைகளையும் கூலியையும் சந்தைப் பொருள்களையும் எப்படி மாற்றிவிடப் போகிறது என்பதை எடுத்துரைத்தது. நேற்று நடந்ததை வானொலி சொல்லிவிடும். அதன் பொருள் என்ன, நாளைக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லவே பத்திரிகை வேண்டும் என்ற சித்தாந்தம் அதில் உருக்கொண்டது. அந்தச் சித்தாந்தத்திலே தூரத்தை வெல்லும் உபாயமும் அடங்கியிருந்தது. தீ விபத்துச் செய்தி அந்தந்த ஊருக்கே உரியது. ஆனால் எஃகின் விலை ஏறுவதன் காரணம், டல்லஸில் இருப்பவருக்கும் போர்ட்லண்டில் இருப்பவருக்கும் ஒன்றேயாகும்.

யுத்தம் முடிந்த சில வருஷங்களுக்குள் டல்லஸில் தென்மேற்குப் பதிப்புத் தொடங்கியது. 1951-இல் சிக்காகோவின் வர்த்தகத் தினசரி ஒன்றை விலைக்கு வாங்கி, அங்கும் ஒரு பதிப்பு நிறுவினார்கள். இவ்வாறு அச்சகங்கள் பல ஊர்களில் அமைந்தபோதிலும், ஒரே கட்டுரையை ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த வரையில், அது நான்கு பத்திரிகைகள் நடத்துவதற்கு ஒப்பான செலவாகவே இருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜோஸப் அக்கெல் என்ற ஸ்தாபனத்தின் யந்திர நிபுணர். ஓரிடத்தில் தட்டெழுதினால் கம்பிவழியே செல்லும் சைகைகள் மற்ற ஊர்களின் எழுத்துக் கோக்கும் யந்திரங்களைத் தாமே இயங்கச் செய்யும்படி அவர் ஒரு சாதனத்தை 1950-களில் அமைத்தார். அடுத்த படி, எழுத்தை அனுப்புவதற்குப் பதிலாகப் பக்கத்தையே படமாக அனுப்புவது. 1962-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் தயாரான பக்கங்கள் நுண்ணலை மூலமாகத் தென் கலிபோர்னியாவின் ரிவர்ஸைடு நகரத்துக்குச் சென்று அங்கே அச்சாயின. அதற்கும் அடுத்த படி வானத்தில் இருந்தது. 1970-களின் நடுவே, மாஸசூஸெட்ஸ் மாநிலத்துச் சிக்கோப்பீ ஊரிலிருந்து செயற்கைக் கோளின் வழியாகப் பக்கங்களை அனுப்பும் சோதனை நடந்தபோது, அவற்றைப் பெற்றுக்கொண்ட இடம் எங்கள் சவுத் பிரன்ஸ்விக். 1975-இல் புளோரிடாவின் ஆர்லண்டோ அச்சகம் அம்முறையில் நாள்தோறும் இயங்கத் தொடங்கியது. கலிபோர்னியாவில் அச்சகம் பாலோ ஆல்டோவிலும் அமைந்தது. இன்று நம் இளைஞர்கள் மென்பொருள் எழுதும் அந்த ஊரில் ஒரு காலத்தில் இரவெல்லாம் நியூயார்க்கின் பக்கங்கள் மையில் தோய்ந்து வெளிவந்தன.

நம் நாட்டிலும் இதே தாகம் இருந்தது. ஹிந்து பத்திரிகை 1963-இல் தன் சொந்த விமானங்களில் பிரதிகளை ஏற்றித் தென்னகத்து ஊர்களுக்கு அனுப்பியது. 1969-இல் பக்கங்களைத் தொலைநகலாக அனுப்பும் முறையைக் கைக்கொண்டது. 1986-இல் செயற்கைக் கோள் வழியாக டில்லியை அடுத்த குர்கானில் அச்சிட்டது. அமெரிக்கர் ஆராய்ந்த வழியில் ஒரு சென்னைப் பத்திரிகை இவ்வளவு விரைவில் நடந்தது நாம் அபிமானத்தோடு நினைக்கத் தக்கது.

கில்கோர் பிரின்ஸ்டனில் வாழ்ந்தவர். அவ்வூரின் சிறிய உள்ளூர்ப் பத்திரிகையான பிரின்ஸ்டன் பாக்கெட்டையும் 1955-இல் வாங்கி நடத்தினார். தேசம் முழுவதற்கும் ஒரே பக்கத்தை அச்சிடும் கலையைக் கண்டவர், தம் ஊரின் நகரசபைச் செய்திகளுக்கென்று தனியே ஒரு தாளையும் வேண்டி வைத்துக்கொண்டார். அவர் காலமான 1967-இல் ஜர்னலின் விற்பனை 11 லட்சம். 1980-இல் அதுவே அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் தினசரியாயிற்று. முற்றிலும் புதிதாக, தேசம் முழுவதற்குமென்றே 1982-இல் யூ.எஸ்.ஏ. டுடே பிறந்தபோது, செயற்கைக் கோள்வழி அச்சு என்னும் பாதை அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது.

பரப்பு வளர்ந்ததோடு ஒரு பத்திரிகைக்குத் துணிவும் வளர்ந்ததா என்று கேட்பது நியாயம். 1954-இல், அடுத்த வருஷம் வரப்போகும் கார்களின் அமைப்பை ஜர்னல் முன்கூட்டியே வெளியிட்டுவிட்டது என்று சினங்கொண்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனம் தன் விளம்பரங்களை நிறுத்தியது. கில்கோர் பணியவில்லை, சில வாரங்களில் கம்பெனி இறங்கிவந்தது. வர்த்தகர்களின் பத்திரிகை என்று கருதப்பட்ட தாள் வர்த்தகர்களின் கைப்பாவை அன்று என்பதை வாசகர்கள் அந்த வருஷத்தில் உணர்ந்தார்கள்.

ஆனால் இதனினும் என் மனத்தைக் கவர்ந்தது நியூ ஜெர்சியிலேயே நடந்த ஒரு விவகாரம். ஹட்ஸன் நதி கடலோடு கலக்கும் இடத்தில் பயோன் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே டினோ டி ஆஞ்செலிஸ் என்பவர் பெரிய பெரிய தொட்டிகளில் தாவர எண்ணெயைச் சேமித்து வைத்திருப்பதாகச் சொல்லி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணைக் கம்பெனியொன்று வழங்கிய கிடங்கு ரசீதுகளை ஈடுகாட்டி, கோடிக்கணக்கான டாலர் கடன் பெற்றுவந்தார். சோதனை அதிகாரிகள் வந்து தொட்டிக்குள் அளவுகோலை இறக்கினால் மேலே எண்ணெய்தான் படும். அடியில் இருந்ததோ தண்ணீர். 1963-ஆம் வருஷம் நவம்பரில், ஜனாதிபதி கென்னடி கொலையுண்ட அதே வாரத்தில், அந்த மாளிகை சரிந்தது. நஷ்டம் பதினைந்து கோடி டாலருக்குக் குறையாது. பழைய தரகு ஸ்தாபனம் ஒன்று அத்துடன் மூடப்பட்டது. அந்த மோசடியை விரிவாக எடுத்தெழுதிய ஜர்னலின் நிருபர் நார்மன் மில்லருக்கு 1964-இல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசு எந்தப் பிரிவில் வழங்கப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்: அது உள்ளூர்ச் செய்திக்கான பிரிவு. கண்டம் முழுவதும் பரவிய பத்திரிகை, ஒரு துறைமுக ஊரின் தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததற்காகவே கௌரவம் பெற்றது.

2001-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதிக் காலை, உலக வர்த்தக மையத்துக்கு எதிரே இருந்த ஜர்னலின் தலைமை அலுவலகத்திலிருந்து ஆசிரியர்களும் நிருபர்களும் புழுதிக்கும் புகைக்கும் நடுவே வெளியேறினார்கள். சிலர் படகேறி ஹட்ஸனைக் கடந்தார்கள். சிலர் வழியில் அகப்பட்ட வாகனங்களில் ஏறினார்கள். சகாக்களில் எவர் உயிரோடிருக்கிறார் என்பதுகூடத் தெரியாத அந்தப் பகலில், ஏறக்குறைய ஐம்பது மைல் தொலைவில் அவசர காலத்துக்கென ஏற்பாடு செய்யப்பட்டிருந்த சவுத் பிரன்ஸ்விக் வளாகத்தில் சிறு சிறு குழுக்களாக வந்து கூடி, வீடுகளிலிருந்து மற்றவர்கள் அனுப்பியவற்றைச் சேர்த்து, அன்றிரவு பத்திரிகையை முடித்தார்கள். அக்காலத்தில் வழக்கமாக அடக்கமான ஒற்றைப் பத்தித் தலைப்புகளையே தாங்கிவந்த முதற் பக்கத்தில், அன்று முழு அகலத்துக்கும் தலைப்பு ஓடியது. தேசமெங்கும் சிதறிக் கிடந்த அச்சகங்கள் அந்தப் பக்கத்தைப் பெற்று அச்சிட்டன; 12-ஆம் தேதி பத்திரிகை வெளிவந்தது. அந்தப் பணிக்கு மறு வருஷம் புலிட்ஸர் பரிசு வழங்கப்பட்டது. 1929 முதல் பத்திரிகையை நியூயார்க்கிலிருந்து சிறிது சிறிதாக விடுவித்துவந்த ஏற்பாடுகள் யாவும் அந்த ஓர் இரவில் கைகொடுத்தன. அடுத்த சில மாதங்களுக்குள், மும்பையில் தங்கித் தெற்காசியச் செய்திகளை அனுப்பிவந்த அதன் நிருபர் டேனியல் பெர்ல், கராச்சியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.

பிற்காலச் செய்திகளை நான் சுருக்கமாகவே சொல்வேன். 1996-இல் இணையப் பதிப்புக்குச் சந்தா விதித்தபோது, இணையத்தில் யாவும் இலவசம் என்றிருந்த உலகம் அதை ஒப்பவில்லை. பின்னாளில் மற்றப் பத்திரிகைகள் அந்த வழிக்கே வந்தன. 2007-இல் பாரனின் வழியினர் ஸ்தாபனத்தை ஐந்நூறு கோடி டாலருக்கு ரூப்பர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனுக்கு விற்றார்கள். 2015-இல், பாலோ ஆல்டோவின் தெரனாஸ் என்ற ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் பொய்களை ஜான் காரிரூ அம்பலப்படுத்தினார். மர்டாக் அந்தக் கம்பெனியில் பன்னிரண்டு கோடி டாலருக்கு மேல் முதலிட்டிருந்தும் கட்டுரை தடைப்படவில்லை.

டெக்ஸாஸ் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. தேசம் முழுவதற்கும் ஒரே பக்கம் என்ற ஏற்பாட்டில் உள்ளூர் விஷயங்களுக்கு இடமில்லாமற் போவதை உணர்ந்து, ஜர்னல் சில பிரதேசங்களுக்கென்று தனிப் பகுதிகளை வெளியிட்டு வந்தது. டெக்ஸாஸ் பகுதி அவற்றுள் ஒன்று. 2000-ஆம் வருஷம் செப்டம்பர் 20-ஆம் தேதி அந்தப் பகுதியில் ஜானதன் வைல் என்ற நிருபரின் கட்டுரை வெளிவந்தது. ஹூஸ்டனின் என்ரான் முதலிய எரிசக்தி வியாபாரக் கம்பெனிகள், இன்னும் கைக்கு வராத எதிர்கால வருமானத்தைத் தாங்களே மதிப்பிட்டு, இன்றைய லாபமாகக் கணக்கெழுதுகின்றன என்று அவர் விளக்கியிருந்தார். என்ரான் அப்பொழுது புகழின் உச்சியில் இருந்தது. அந்தக் கட்டுரை நியூயார்க்கில் வீட்டு வாசலில் விழுந்த பிரதியில் இல்லை; ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் இல்லை. ரெபெக்கா ஸ்மித், ஜான் எம்ஷ்வில்லர் என்ற அதே பத்திரிகையின் இரு நிருபர்கள் தேசம் முழுவதும் படிக்கும் பக்கங்களில் என்ரானின் மறைவான கணக்குகளை வெளிக்கொணர்ந்தது 2001 அக்டோபரில். கம்பெனி திவாலானது டிசம்பர் 2-ஆம் தேதி. இடைப்பட்ட ஓராண்டில் எத்தனையோ ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு அந்தப் பங்குகளிலேயே கிடந்தது.

அந்த டெக்ஸாஸ் கட்டுரை உரிய காலத்தில் எட்டிய மனிதர்களுள் ஒருவரை நாம் அறிவோம். நியூயார்க்கில் முதலீட்டு நிதியொன்றை நடத்திவந்த ஜேம்ஸ் சேனோஸ், அடுத்த மாதம் நண்பர் ஒருவர் இதைப் பார்த்தாயா என்று விசாரித்ததன் பேரில் அதைத் தேடிப் படித்து, என்ரானின் கணக்குகளை வரவழைத்து ஆராயத் தொடங்கினார். செயற்கைக் கோள்களும் பதினெட்டு லட்சம் பிரதிகளும் இருந்த காலத்தில், அந்த ஒரு செய்தி 1882-இல் பையன்கள் ஏந்தி ஓடிய துண்டுத் தாள்களைப் போல, ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்குக் கைமாறியே வால் வீதிக்கு வந்து சேர்ந்தது.